அம்மாவுக்கு வந்த அருளும் பிரஷர் மாத்திரையும்

அன்பு மகள் சத்யபிரியாவுக்கு, இலுப்பூரிலிருந்து அப்பா ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் கறவை மாடும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் மெல்போர்ன் குளிரில் நலமாக இருக்க வேண்டும். அம்மாவை விட்டுவிட்டேனே என்று நினைக்காதே, அவளுக்காகத்தான் இந்தக் கடிதமே, போனில் பேசினால் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறாள், அதனால் எழுதிப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன்.

போன மாதம் புதுக்கோட்டை டாக்டர் அவளுக்குப் பிரஷர் இன்னும் அடங்கவில்லை, சிறுநீரில் புரதம் போகிறது, இப்படியே விட்டால் கிட்னி தாங்காது என்று சொல்லி, ராத்திரிக்குப் புதிதாக ஒரு மாத்திரை சேர்த்துக் கொடுத்தார். ரத்தக்குழாயை இறுகவிடாமல் தளர்த்தி வைக்குமாம், கிட்னிக்குக் கெடுதல் இல்லையாம். ஆனால் ஆரம்பத்தில் சட்டென்று எழுந்தால் தலை கிறுகிறுக்கும், நிதானமா எழுந்திரிங்கம்மா என்று படித்துப் படித்துச் சொன்னார். உன் அம்மாவா கேட்பாள்? செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைக்க அடுப்படியில் வெகுநேரம் குந்தியிருந்தவள், பானை பொங்கியதும் குலவை போடத் துள்ளி எழுந்தாள். அப்படியே தள்ளாடிப் பக்கத்து வீட்டு முனியாயி மேல் சாய்ந்துவிட்டாள். அவ்வளவுதான், செங்கமலத்துக்கு ஆத்தா வந்துருச்சு என்று வேப்பிலையைக் கையில் திணித்துத் தலையில் மஞ்சத்தண்ணியை ஊற்றிவிட்டார்கள். முனியாயிக்கு மகன் மலேசியாவில் அல்லவா, தூரத்துல இருக்க புள்ள எப்ப வரும் தாயீ என்று கேட்டிருக்கிறாள். இவளும் கண்ணைத் திறக்காமலே, தீபாவளிக்குள்ள வந்துரும் என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து அந்த மாத்திரையைத் தொடவில்லை. நேற்று பார்த்தால் பிரஷர் நூற்றி எண்பது. டாக்டரிடம் போவோம், அளவைக் குறைத்துத் தருவார் என்றாலும் வரமாட்டேன் என்கிறாள். கத்தினேன், அழவும் செய்தேன், அவள் இல்லாமல் எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்காது. கடைசியில்தான் வாயைத் திறந்தாள். மறுபடி போட்டுக் கிறுகிறுத்தா அன்னைக்கு வந்ததும் மாத்திரை மயக்கம்னு ஆயிரும், எம்புள்ள வரும்னு ஆத்தா சொன்ன வாக்கு பொய்யாப் போயிருமேங்க என்றாள். முனியாயி கேட்டது தன் மகனை, இவள் வாக்குச் சொன்னது உன்னை நினைத்து.

லீவு கேட்டுப் பார் தாயி. கிடைத்தால் இன்றைக்கே அவளிடம், தீபாவளிக்கு வாரேன், நீ நாளைக்கே டாக்டர்ட்ட போ என்று சொல். கிடைக்காவிட்டால் அவள் மனசுக்காகப் பொய் சொல்லாதே, நான் வேறு வழி பார்க்கிறேன்.

தலைவலி என்றாயே, நீயும் ஒருமுறை பிரஷர் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்கும் உனக்கும் பிரகதாம்பாள் துணையிருப்பாள். முனியாயி மகன் டிக்கெட் போட்டுவிட்டானாம், காலையில் வந்து சொல்லிவிட்டுப் போனாள். உன் அம்மா அவளுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்க ஆசையாயிருக்கும் அப்பா,
திருப்பதி