குடிக்காதவளின் ஈரல்

அன்புத் தோழிக்கு,

இன்று காலை என் வலது விலாவில் அந்தக் குளிர்ந்த பசையைத் தடவியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. கையைத் தலைக்கு மேலே மடித்து மல்லாந்து படுத்திருந்தேன். நர்ஸ் மிஸ் கருவியை விலா எலும்புகளுக்கு நடுவே வைத்து அழுத்த, விரலால் சுண்டுவது போல ஒரு தட்டு. அப்படிப் பத்துத் தரம். ஊசி இல்லை, கத்தி இல்லை. அந்தத் தட்டின் அதிர்வு ஈரலுக்குள் ஓடும் வேகத்தை வைத்தே, ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று மெசின் சொல்லிவிடுகிறது. முதல் தரம் உனக்குத் துணையாக நான் வந்திருந்தபோது, "இம்புட்டுதானா? இதுக்கா ரெண்டு நாளா சோறு எறங்காம கெடந்தேன்" என்று சிரித்தபடி நீ எழுந்தாய்.

பதில்தான் சிரிக்கும்படி இல்லை. சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கக் கிளினிக் போன இடத்தில் ஈரலில் கொழுப்பு என்று சொல்லி, உன்னைக் கண்டிக்கு அனுப்பியிருந்தார்கள். கொழுப்பு படிந்து, புண்ணாகி, ஈரல் முழுக்கத் தழும்பாகிவிட்டது என்றார் அங்கிருந்த டொக்டர். நாம் திரும்பிய அன்றே லயத்து வீடுகள் முழுக்கக் கதை பரவிவிட்டது. நம் தேயிலைத் தோட்டத்தில் ஈரல் கெட்டுச் செத்தவர்கள் எல்லோரும் குடிகாரர்கள். ஆகவே நீயும் ஒளித்துக் குடிக்கிறாய்.

அந்தக் கதையை நானும் முழுதாகத் தள்ளவில்லை. மலையில் கொழுந்து நிறுக்க நீ போயிருந்தபோது, உன் போத்தலைத் திறந்து மோந்து பார்த்தேன். பால் விடாத வெறும் சாயத்தண்ணி. மூடித் திரும்பினால் நீ நிற்கிறாய். "நல்லா மோந்து பாத்துக்க. சீனிதான் கூடுதலா கெடக்கும்" என்றாய். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் நீ அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

மறுநாள் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் எல்லோரும் கூடியதும், வேலை பிரிப்பதற்கு முன்னால், நீ எல்லோருக்கும் முன்னே போய் நின்றாய். "எனக்கு ஈரல்ல தழும்பு இருக்கு. மாரியம்மா மேல சத்தியமா ஒரு சொட்டு குடிச்சதில்ல. சீனி இருக்கிறவங்க, ஒடம்பு பெருத்தவங்க யாருக்கும் வரலாம்னு டொக்டரு சொல்றாரு. வெக்கப்பட்டுக்கிட்டு கெடந்தீங்கன்னா என்னய மாதிரி பிந்திப் போயிரும்." பின்னால் யாரோ சிரித்தார்கள். "சிரிக்கிறவங்க மொதல்ல வாங்க" என்றாய். கிளினிக்கில் என்னோடு ஆறு பேருக்குக் கண்டிக்குப் போகத் துண்டுச்சீட்டு எழுதி வாங்கியதும் நீதான், வேன் பேசியதும் நீதான்.

மூன்று மணித்தியாலம் வெறும் வயிறாக இருக்கவேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய். ஆனால் முன் சீட்டில் களைத்துத் தூங்கிவிட்டாய். நாவலப்பிட்டியில் வேன் நின்றது. கண்டிக்குப் போகிற நம் ஆட்கள் நாவலப்பிட்டியில் இறங்காமல் போனதுண்டா? ஆறு பேரும் இறங்கி உளுந்து வடையும் பிளேன்டீயும் முடித்தோம். எழுப்பினால் பாவம் என்று உனக்கும் இரண்டு வடை கட்டிக்கொண்டோம்!

ஆஸ்பத்திரியில் "சாப்பிட்டீங்களா?" என்று மிஸ் கேட்டதும், "இல்ல மிஸ்" என்று ஆறு வாயும் ஒன்றாகச் சொன்னது. நீ என் கையிலிருந்த எண்ணெய்ப் பொட்டலத்தைப் பார்த்தாய். சாப்பிட்ட கையோடு பார்த்தால் ஈரலுக்கு ரத்தம் கூடி, இல்லாத இறுக்கத்தையும் காட்டிவிடும் என்று உனக்குத்தான் தெரியும். "பொய்யச் சொல்லிப் பொய் நம்பர வாங்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்று எங்களை அதட்டிவிட்டு, மிஸ்ஸிடம் சிங்களத்தில் உண்மையைச் சொல்லி, பின்னேரத்துக்கு நேரம் கெஞ்சி வாங்கினாய். வீங்கிய கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஒரு டொபி கூட வாயில் போடவிடாமல் எங்களைக் காவல் காத்தாய்.

எனக்குத் தழும்பு தொடங்கியிருந்தது. இப்போதே கவனித்தால் ஈரல் பழையபடி திரும்பலாம் என்றார் டொக்டர். நான் அழுதேன், நீதான் சந்தோஷப்பட்டாய். "ஒனக்கு இன்னும் நேரம் இருக்குடீ." உனக்கு இல்லை என்பது அப்போதே உனக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த தீபாவளிக்கு நீ இல்லை.

இப்போது நான் தேத்தண்ணியைச் சீனி போடாமல் குடிக்கிறேன், பின்னேரத்தில் நடக்கிறேன், உடம்பு வற்றியிருக்கிறது. இன்று ஈரல் இறுக்கத்தின் நம்பர் இறங்கியிருக்கிறது.

அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் வெளியே நாங்கள் காத்து உட்கார்ந்திருந்த வாங்கில் நடந்ததையும் சொல்லவேண்டும். அக்கரப்பத்தனைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, கிளினிக் துண்டைச் சால்வைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு என் காதோடு சொன்னாள்: "அக்கா, நம்ம ஆளுங்க யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. குடிகாரின்னுருவாங்க."

நான் வாங்கு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "எனக்கும்தான் தழும்பு இருக்கு தங்கச்சி. கோயில் தீர்த்தத்தத் தவிர நான் எதையும் குடிச்சதில்ல." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன். அந்தப் பிள்ளை துண்டை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

உன்னை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததடி. அன்று பெரட்டில் நீ தனியாகத்தான் நின்றாய். நான் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இன்றைக்குத்தான் உன் பக்கத்தில் வந்து நின்றேன்.