நடுக்கடைக்கு எழுதாத காகிதம்

அண்ணா,

மிளகு வியாபாரி காலி செய்துவிட்டுப் போன நடுக்கடையை இன்று காலை திறந்தேன். உள்ளே மிளகு நெடி. கூட்டுவதற்குக் குனிந்தபோது, உங்கள் தையல் மெஷின் நின்ற பலகையிலிருந்து எண்ணெய் வாசம் வந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். செம்மேட்டுச் சந்தையை இரண்டு முறை சுற்றி நடந்தேன். உட்காரவும் முடியவில்லை, மலையை விட்டு ஊருக்கு இறங்கவும் முடியவில்லை.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நகைகளை விற்று இந்த மூன்று கடைகளையும் வாங்கினேன். உப்புக்கடைக்காரரும், அரிவாள் அடிக்கும் கொல்லரும், நீங்களும் ஏற்கெனவே குடியிருந்தீர்கள். "பழைய ஆளுங்க அப்படியே இருக்கலாமுங்க. புதுசா எழுதித்தான் ஆகோணும்னு இல்லீங்க" என்றார் அடிவாரத்துப் பத்திர எழுத்தர். எனக்கும் அது வசதியாக இருந்தது.

நீங்கள் மட்டும் கேட்டீர்கள். யுத்தத்தால் புதுத் துணி வராத காலம். பழைய சட்டை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் எழுந்து நின்றீர்கள்.

"ஏனுங்க அம்மிணி, பழைய சொந்தக்காரரு வாய்ச்சொல்லுல ஒம்பது வருசம் இருந்துட்டேன். அவரு வித்ததே சந்தையில பேசிக்கிட்டுத்தான் எனக்குத் தெரியும். ஒரு காயிதம் எழுதிக் குடுங்க."

"எம்மேல நம்பிக்கை இல்லீங்களா அண்ணா?"

"உங்க மேல இருக்குதுங்க. உங்களுக்கப்புறம் வாரவங்களை எனக்குத் தெரியாதுங்களே."

எனக்குச் சுருக்கென்றது. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அடுத்த இரண்டு முறை வந்தபோது நீங்கள் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் நான் நோயில் விழுந்தேன். கடைகளை என் தம்பி பார்த்துக்கொண்டான். மிளகு வியாபாரி நடுக்கடைக்குக் கூடுதல் வாடகை தருவதாகச் சொல்லவும், "எழுத்து ஏதாச்சும் இருக்குதா?" என்று உங்களிடம் கேட்டிருக்கிறான். இல்லையென்று தலையாட்டிவிட்டு, மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு மழையிலேயே நடந்தீர்கள் என்று உப்புக்கடைக்காரர் பிறகு சொன்னார்.

எழுந்து நடக்க முடிந்ததும் திருப்புலி நாட்டு மலையூரில் உங்கள் வீட்டைத் தேடி வந்தேன். மெஷினைச் சாக்குப் போட்டு மூடி வைத்துவிட்டு, சாமைக் காட்டில் களை பறித்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பி வந்துவிடுங்கள் என்றேன்.

"வாரேனுங்க அம்மிணி. காயிதம் கொண்டாந்தீங்களா?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. கொண்டுவந்திருப்பேன் என்று நம்பியே கேட்டீர்கள். நான் வெறுங்கையோடு நின்றேன்.

தம்பியோடு சண்டை போட்டு, வியாபாரியிடம் காலி செய்யச் சொல்லிப் பேசி, காகிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு மறுபடி மலையேறுவதற்குள் நான்கு வாரச் சந்தை போய்விட்டது. மலைக்காய்ச்சலில் நீங்கள் இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

இன்று மத்தியானம் மற்ற இருவரிடமும், அவர்களுக்கும் எழுதித் தருகிறேன் என்றேன். கொல்லர் துருத்தியை மிதித்தார். உப்புக்கடைக்காரரின் முகம் மாறிவிட்டது.

"கைநாட்டு வேண்டாமுங்க அம்மிணி. கைநாட்டு வெச்சுத்தான் எங்கப்பன் காடு போச்சுதுங்க."

அவர் சொன்னதும் நியாயம்தான். காகிதம் இல்லாமல் நீங்கள் போனீர்கள், காகிதத்தால் அவர் காடு போயிருக்கிறது. வெகுநேரம் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். பிறகு உட்கார்ந்து என் கையாலேயே இரண்டு காகிதம் எழுதினேன். நானோ, என் தம்பியோ, நாளைக்கு வாங்குகிறவரோ இவர்களைக் கடையை விட்டு எழுப்பக் கூடாது. கையெழுத்து என்னுடையது மட்டும். கோர்ட்டில் இது நிற்குமா என்று எனக்குத் தெரியாது.

உப்புக்கடைக்காரர் என்னை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"இதுல நான் ஒண்ணும் வெக்க வேண்டாமுங்களா?"

"வேண்டாமுங்க."

வாங்கி மடித்து மடியில் செருகிக்கொண்டார். "நடுக்கடைக்கு ஆருங்க வாராங்க?" என்று கேட்டார். நான் நடுக்கடையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

யார் வந்தாலும் எழுதிக் கொடுத்த பிறகுதான் சாவி. அதுவரை அது என் இடுப்பில் இருக்கும். மலையிறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் குத்துகிறது, அண்ணா.