பதினான்காவது கேள்வி

போதும். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். உன் சாவுக்கு நான் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை.

நேற்று பல்கலைக்கழகத்திலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. உன் பெயரில் ஆய்வு நிதி தொடங்குகிறார்களாம். உன்னோடு கள ஆய்வில் நடந்தவன் என்ற முறையில் நினைவு மலருக்கு நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். அந்த நிதியில் நடக்கப்போகும் முதல் ஆய்வின் கேள்வித்தாளையும் கூடவே வைத்திருந்தார்கள். உறையைப் பிரித்ததும் இளம்பச்சைத் தாள் எட்டிப் பார்த்தது. 

பச்சைத் தாள் உன் யோசனை. "வெள்ளத் தாளப் பாத்தா கோர்ட்டு சூராட்டு, கடுதாசின்னு பயந்து கதவச் சாத்திருவாங்கடா. பச்சைன்னா கோயில் நோட்டீசு மாதிரி இருக்கும்" என்றாய். ஜித்ரா டவுனில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில், யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் வளர்ந்த உனக்குத் தோட்டத்து லயத்து வீட்டுப் பயம் எப்படித் தெரிந்தது என்று அன்று வியந்தேன். அந்த வியப்பில்தான் உன் பின்னால் வந்தேன்.

நீ தேர்ந்தெடுத்தது நான் பிறந்த தோட்டம், பண்டார் பாருவுக்குப் பக்கத்தில். தோட்ட மக்களின் குடிமைப் பங்கேற்பு என்று தலைப்பு. கூட்டத்துக்குப் போகிறார்களா, மனுவில் கையெழுத்துப் போடுகிறார்களா, குறை வந்தால் யாரிடம் சொல்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும். என் பட்டம் உனக்குத் தேவைப்பட்டிருக்கலாம். என் முகம் அதைவிடத் தேவைப்பட்டது. நான் கூப்பிட்டால்தான் அந்தக் கதவுகள் திறக்கும்.

"பேரு எங்கயும் வராது. பயப்படாம சொல்லுங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாய். பொய்யில்லை. பதில் சொல்பவரின் பெயருக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது. ஆனால் பதினான்காவது கேள்வி இப்படி இருந்தது: உங்கள் வீட்டு வரிசையில் ஒரு பிரச்சினை என்றால் முதலில் எழுந்து பேசுபவர் யார்?

எல்லாரும் சிரித்தார்கள். "இதெல்லாம் ஒரு கேள்வியா தம்பி? பார்வதிதான்லா." "பாரு அக்கா வாயத் தொறந்தா மானேஜரே காடிய ஸ்டார்ட் பண்ணிக்கிட்டு ஓடிருவாரு." பெருமையாகச் சொன்னார்கள். தங்கள் பெயர்தானே வரக்கூடாது, அவர் பெயரைச் சொல்வதில் என்ன?

மதியம் பார்வதி அக்காவின் வாசலுக்கு வந்தோம். கடைசி வீடு. இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். "என்ன, காலையிலேருந்து வீடு வீடா என்னையப் பத்தியே பேசறீங்களாமே? பொண்ணு பாக்க வந்தீங்களா? பேரப்புள்ள இருக்கு எனக்கு." நீ வெட்கப்பட்டுச் சிரித்தாய். தேத்தண்ணி கொடுத்தார். பதினான்காவது கேள்விக்கு அவர் யோசிக்கவே இல்லை. "நாந்தான்னு எழுது. இதுல என்ன வெக்கம்?"

திரும்பி வரும்போது செம்பனை மரங்களுக்கு நடுவே நிலம் அளந்து நட்டிருந்த, சிவப்புச் சாயம் பூசிய முளைக்குச்சிகளைப் பார்த்தோம். "ரோடு போடுவாங்கபோல" என்றாய்.

ஆய்வின் இரண்டாம் கட்டத்துக்கு நிதி வருமா வராதா என்று இழுத்துக்கொண்டே போனது நினைவிருக்கிறதா? பாதி அரசாங்கம், மீதி ஏதோ ஓர் அறக்கட்டளை. அந்த அறக்கட்டளை, நிரப்பிய தாள்கள் அத்தனையையும் கேட்டது.

"பதினாலாவது கேள்விய மட்டும் எடுத்துட்டுக் குடுப்போமே" என்றேன்.

"அது இல்லாம இந்த ஆய்வுல என்னடா இருக்கு?" நீ சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "உன் காண்ட்ராக்டும் இந்தப் பணத்துலதான் இருக்கு, மறந்திராத."

மறக்கவில்லை. தாள்களை உன் மேசையில் அடுக்கத் தொடங்கினேன்.

தாள்களில் பதில்கள் பலவிதமாக இருந்தன. பார்வதி, பாரு அக்கா, கடைசி வீட்டு அக்கா, மணியத்தோட அம்மா. வெளியாள் படித்தால் நான்கு பேர் என்று நினைப்பான். உன் அறையில் உட்கார்ந்து, நான்கும் ஒருவரே என்று ஒன்றாக்கி, வீட்டு எண்ணையும் பக்கத்தில் எழுதியவன் நான். என் முதுகில் தட்டினாய். "இதுக்குத்தான்டா நீ வேணும்." அந்தக் குறிப்பும் தாள்களோடு அறக்கட்டளைக்குப் போனது.

தாள்களைக் கொடுத்த ஐந்தாவது மாதம் பார்வதி அக்காவுக்கு மட்டும் வீட்டைக் காலி செய்யும்படி நோட்டீசு வந்தது. வெள்ளைத் தாள். தோட்டத்து நிலத்தை வாங்கியிருந்த நிறுவனத்தின் முகவரி அதில் இருந்தது. அறக்கட்டளையின் முகவரியும் அதுதான். உன்னிடம் காட்டினேன். நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். வெகுநேரம் துடைத்தாய். பார்வதி அக்கா போன பிறகு அந்தத் தோட்டத்தில் கூட்டமே கூடவில்லை. மற்றவர்களுக்கு நோட்டீசு வந்தபோது எழுந்து பேச ஆளில்லை. ஆண்டு முடிவதற்குள் லயம் இல்லை.

நீ பேராசிரியர் ஆனாய். என் காண்ட்ராக்டு அதற்குப் பிறகு நீட்டிக்கப்படவில்லை. உன் புத்தகத்தின் முன்னுரையில் "ஒரு கள உதவியாளருக்கு" நன்றி சொல்லியிருந்தாய். பெயர் எங்கும் வராது என்ற வாக்கை என் விஷயத்தில் மட்டும் சரியாகக் காப்பாற்றினாய்.

அலோர் ஸ்டார் மருத்துவமனையில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது, "அந்த அக்கா இப்ப எங்கடா இருக்காங்க?" என்று கேட்டாய். தெரியாது என்றேன். தெரியும். சுங்கைப் பட்டாணியில் மகனோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். அதற்கு முந்தின வாரம்தான் போயிருந்தேன். உனக்குச் சொல்ல மனம் வரவில்லை. இன்றும் அதற்கு வருந்தவில்லை.

அங்கே பார்வதி அக்கா என்னைக் கேட்ட கேள்விதான் என்னைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. "ஏன் தம்பி, நாந்தான் மொதல்ல பேசுவேன்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"தெரியலக்கா" என்றேன்.

நேற்று வந்த பச்சைத் தாளிலும் பதினான்காவது கேள்வி அப்படியே இருக்கிறது. எழுத்து மாறவில்லை. வரும் சனிக்கிழமை ஜெராய் மலையடிவாரத்தில் ஒரு தோட்டத்துக்குப் போகிறார்களாம். போன வாரம் டியூஷன் சொல்லிக்கொடுத்துவிட்டு அந்த வழியாகத்தான் வந்தேன். மரங்களுக்கு நடுவே சிவப்புச் சாயம் பூசிய குச்சிகள் நிற்கின்றன. அங்கும் ஒரு கடைசி வீட்டில் ஓர் அக்கா இருப்பார். அவரைப் பற்றியும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

நினைவு மலருக்கு என் பக்கம் வராது. உனக்கு இதுவரை எழுதிய இந்தக் கடிதத்தைப் பச்சைத் தாளில் நகலெடுத்து வைத்திருக்கிறேன். தோட்டத்துக்குப் போகும் தபால் முதலில் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியார் கைக்குத்தான் போகும். அதனால் பெடோங்கில் மளிகைக் கடை வைத்திருக்கும் அந்தத் தோட்டத்துக் கோயில் தலைவரின் கடை முகவரியை உறைமேல் எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்துவிடும்.

பார்வதி அக்காவாக இருந்தால் அந்த நகலின் கீழே பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, வீட்டு எண்ணையும் போட்டிருப்பார். பேனாவை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். டியூஷன் நிலையத்தின் முதலாளி நினைவுக்கு வந்தார். அந்த வெள்ளை நோட்டீசும் நினைவுக்கு வந்தது. பெயர் எங்கும் வராது என்று வாசல் வாசலாக நாம் கொடுத்த வாக்கை நான் எனக்கு எடுத்துக்கொள்கிறேன். கையெழுத்துப் போடாமலே உறையை ஒட்டிவிட்டேன். காலையில் தபாலில் சேர்க்கிறேன்.