மேசையில் விழுந்த பதினான்கு சுரங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். நீ இப்போது இல்லை என்பதற்காக, எல்லாவற்றையும் சரியாகவே சொன்னவளாக உன்னைக் காட்ட மாட்டேன்.

இன்று காலை உன் அம்மா குருசுக்குப்பத்திலிருந்து வந்து உன் பியானோ புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பையைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை, உன் அலமாரியின் வாசனை. நாம் சண்டை போட்ட பக்கத்தைத் தேடி எடுத்தேன். நாக்டர்ன் என்ற அந்த இரவுப் பாடலின் தலைப்புக்கு மேல் உன் பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது: "மேசை 14. உனக்கு வேணாம்."

இசை வகுப்பில் இருக்கும் ஒரே பியானோ நமக்கு வாரத்தில் அரை மணி நேரம்தான் கிடைக்கும். மற்ற நாளெல்லாம் முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் இருக்கும் கீபோர்டு. அதில் அறுபத்தொரு கட்டைகள், பியானோவில் எண்பத்தெட்டு. நமக்குப் பிடித்த, பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரொமான்டிக் காலத்துப் பாடல்கள் இடது கையை எங்கோ அடியாழத்துக்கு அனுப்பும். அங்கே நம் கீபோர்டு முடிந்துபோயிருக்கும். நீ வகுப்புப் பியானோவை ஸ்கேல் வைத்து அளந்து வந்து, இல்லாத கட்டைகளை மேசை விரிப்பில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தாய்.

"சோறு திங்கற மேசையில இன்னாடி கோலம்?" என்று அம்மா கேட்டாள்.

"கோலம் இல்ல ஆன்ட்டி, பியானோ. மீதி பாகம்."

அன்றிலிருந்து ஒரு பாடலைப் படிக்கத் தொடங்குமுன் எத்தனை சுரம் மேசையில் விழுகிறது என்று எண்ணி, எண்ணிக்கையைத் தலைப்பில் குறித்துவைத்தாய். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் நமக்கு அதுதான் வேலை. நான் எப்போதும் முதல் வரியைப் பார்த்து மயங்குவேன். நீ பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போவாய். "மொதல் வரிய எல்லாருக்கும் புடிக்கற மாதிரிதான் எழுதுவாங்க. மோசமான வரி எங்க ஒளிஞ்சிருக்குன்னு பாரு" என்பாய்.

அந்த நாக்டர்னைச் சுலபம் என்று சொன்னவள் நான்தான். பக்கம் வெள்ளையாக இருந்தது, சுரங்கள் குறைவு, வேகமும் இல்லை.

"வெள்ளையா இருந்தா சுலபம்னு யாருடி சொன்னது? கறுப்பா நெருக்கி எழுதனது வேகமா ஓடிப்போயிடும், தப்பு தெரியாது. இது நின்னு நின்னு போகுது. ஒவ்வொண்ணும் கேக்கும்" என்றாய். மூன்றாம் பக்கத்தில், ஒரே கையில் நான்கு விரல்கள் மெதுவாகத் துணை வாசிக்க, சுண்டு விரல் மட்டும் தனியாகப் பாட வேண்டிய வரியைக் காட்டினாய். "உன் சுண்டு விரல் வாயே தொறக்காது. அதப் போயி பாடச் சொல்றியா?"

"உன் விரல் மட்டும் பெரிய கச்சேரி பண்ணுதோ?" என்றேன். நீ பென்சிலை எடுத்து அந்தத் தீர்ப்பை எழுதினாய். இரண்டு நாள் நாம் பேசவில்லை. மூன்றாம் நாள் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் நீ போய்விட்டாய். மறுத்துப் பேச எனக்கு நேரமே தரவில்லை. அதனால் இப்போது பேசுகிறேன்.

தேர்வு விண்ணப்பத்தில் பாடலின் பெயரை எழுத இன்றுதான் கடைசி நாள். நான் உன் புத்தகத்தை நீட்டியதும் நம் பியானோ மிஸ்ஸின் முகம் இளகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை.

"அவ ஆசைப்பட்டான்னு எடுக்கறியா? வேணாம்மா. வேற சின்னதா எடு."

"அவ ஆசைப்படல மிஸ். எனக்கு வேணாம்னுதான் எழுதி வெச்சிருக்கா."

மிஸ் பென்சில் எழுத்தைப் படித்தார். பிறகு பியானோவைக் காட்டினார். மோசமான வரியிலிருந்தே தொடங்கி, பிறகு முழுப் பாடலையும் தட்டித் தடவி வாசித்தேன்.

மேசையில் விழுந்த பதினான்கு சுரங்களும் இன்று எனக்குக் கேட்டன. பன்னிரண்டில் என் விரல் பார்க்காமலே சரியான கட்டைக்குப் போய்ச் சேர்ந்தது; மற்ற இரண்டுக்குக் கை எட்டாமல் தாவித்தான் பிடித்தேன். நீ அளந்தது அவ்வளவு துல்லியம். ஆனால் நம் மேசை கீபோர்டைவிட நான்கு விரல் தாழ்வு இல்லையா? அந்தப் பள்ளத்தில் குதித்தே பழகிய கை, நிஜக் கட்டையிலும் குதித்தது. ஒவ்வொரு அடிச் சுரமும் கதவைச் சாத்தியதுபோல் அதிர்ந்தது.

"ஏம்மா இப்படிக் குத்தற?" என்று மிஸ் காதைப் பொத்தினார்.

ஆக, மேசை 14 என்பது நம் கீபோர்டின் குறை, பாடலின் கஷ்டம் அல்ல. அதைக் கஷ்டக் கணக்கில் நீ சேர்த்தது தப்பு. சுண்டு விரல் விஷயத்தில் நீ சொன்னது சரி. அது இன்றும் பாடவில்லை, முனகியது. இரண்டையும் எழுதிவிட்டேன்.

கையை எடுத்ததும் எங்கெங்கே இடறும் என்று மிஸ்ஸிடம் நானே சொன்னேன். எட்டாத இரண்டு இடங்களைக் காலால் பெடலை மிதித்து ஒலியை நீட்டி, பிரித்து வாசிப்பேன், சுண்டு விரலுக்கு மூன்று மாதம் ஆகும் என்றும் சொன்னேன்.

"இவ்ளோ தெரிஞ்சிக்கினுதான் கேக்கறியா?"

"தெரிஞ்சதாலதான் மிஸ்."

"பெயிலாயிட்டா?"

"அடுத்த வருஷமும் இதையேதான் குடுப்பேன்."

மிஸ் பேனா மூடியைக் கழற்றினார். விண்ணப்பத்தில் அந்தப் பாடலின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எந்தப் பாடலைத் திறந்தாலும் மோசமான வரியை முதலில் தேடும் பழக்கம் உன்னுடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். எனக்கு எது வேண்டாம் என்பதை மட்டும் உன்னிடம் கேட்க மாட்டேன். நீ உயிரோடு இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

வகுப்பிலிருந்து எல்லோரும் போன பிறகும் நான் பியானோவை விட்டு எழுந்திருக்கவில்லை. மூன்றாம் பக்கத்து வரியைச் சுண்டு விரலால் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். "நேரமாச்சும்மா, பூட்டணும்" என்று அலுவலகத்து அக்கா இரண்டு முறை சொன்னார். இன்னும் ஒரே ஒரு தடவை என்றேன். பாதி வரியில் விளக்கை அணைத்துவிட்டார்.