பாரிசில் தங்க இடம் உள்ள பிள்ளைகள்

அரியாங்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை.

மாதா துணை.

பிரிஸ்கில்லா அப்பாவுக்கு அகஸ்டினா எழுதிக்கொள்வது. எனக்கும் பிள்ளைக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? பாரிசில் குளிர் விட்டதா?

தினம் போனில் பேசுகிறவள் கடிதம் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தால் பிள்ளை பக்கத்தில் வந்து நிற்கிறாள். வாட்ஸப்பில் எழுதினால் எனக்கு முன்னால் அவள் படித்துவிடுகிறாள். இது அவளுக்குத் தெரியக் கூடாத விஷயம். அதனால்தான் இந்தக் காகிதம்.

கால்பந்து விஷயம்தான். ஜூலையில் பாரிசுக்குப் பக்கத்தில் நடக்கிற சிறுமிகள் போட்டிக்கு நம் கிளப் அணி போகிறது, அதற்கு நம் பிள்ளை தேர்வாகிவிட்டாள் என்றதும் நீங்கள் போனிலேயே துள்ளிக் குதித்தீர்கள். நான் குதிக்கவில்லை. உனக்கு எதுலயும் சந்தேகந்தான்டி என்று திட்டினீர்கள். ஆமாம், சந்தேகம்தான். செலக்‌ஷன் அன்றைக்கு மைதானத்தில் இருந்தது நான், நீங்கள் இல்லை.

பெற்றவளே இப்படி எழுதக் கூடாது. ஆனாலும் அன்றைக்கு அவள் ஆட்டம் படு மட்டம். வந்த பந்தையெல்லாம் எதிராளி காலுக்கே கொடுத்தாள். பெனால்டி அடிக்கச் சொன்னார்கள். பந்து கோல் போஸ்ட்டுக்கு மேலே போய், மதிலையும் தாண்டி, ரோட்டோர இளநீர் வண்டியில் விழுந்தது. அவளோடு ஆடுகிற வீராம்பட்டினத்து இனியா இருக்கிறாளே, அவள் அன்றைக்குப் போட்ட கோலுக்கு எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகளே கை தட்டினார்கள். கடைசியில் கோச் செம்மல் பெயர்களை வாசித்தார். நம்மவள் பெயர் வந்தது, இனியா பெயர் வரவில்லை. தையல் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள் இனியாவின் அம்மா சுடர்விழி. மகளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

நாங்களும் பாலம் தாண்டி வீடு வந்து சேர்ந்தோம். பூட்ஸைக் கழற்றும்போது நம்மவள் கேட்டாள், நான் நல்லா ஆடலம்மா, இனியாதான் ஆடுனா, என்னை ஏம்மா எடுத்தாங்க என்று. கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கண்டுபிடிக்கலாம் என்று போனால், மைதானத்துப் படிக்கட்டில் உட்காரும் அம்மாக்கள் எல்லோரும் எனக்கு மேலே சி.ஐ.டி. கோச் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கியது யார் என்று ஒருத்தி ஞாபகம் வைத்திருக்கிறாள். அவர் பைக்கில் தொங்கிய பிரியாணி டப்பா யார் வீட்டுடையது என்று இன்னொருத்தி சொல்கிறாள். கோல்கீப்பரின் அம்மா ரூபி என்னிடமே நேராகக் கேட்டாள், நீ இன்னாக்கா குடுத்த என்று. கிறிஸ்துமஸுக்கு ஒரு தட்டுப் பலகாரம் கொடுத்தேன், அதுவும் தெருவுக்கே கொடுத்தது. அதற்குப் பாரிஸா என்று எனக்கே சிரிப்பு வந்தது.

அப்புறம் தேர்வான பிள்ளைகளை மனசுக்குள் ஒவ்வொருத்தியாக நிறுத்திப் பார்த்தேன். ரூபிக்குத் தம்பி பாரிசிலேயே இருக்கிறான். இன்னொருத்திக்கு மாமா பாரிசுக்கு அடுத்த ஊரில். ஒரு பிள்ளையின் தாத்தா பழைய சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனோடு மகள் வீட்டில் அங்கேயே இருக்கிறார். எல்லாருக்கும் யாரோ ஒருவர் அங்கே. அடப்பாவி, காலைப் பார்த்து எடுக்கவில்லை, சொந்தக்காரரைப் பார்த்து எடுத்திருக்கிறான் என்று புரிந்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நேரே போய்க் கோச்சைப் பிடித்துக்கொண்டேன்.

மழுப்புவார் என்று நினைத்தேன். மனுஷன் ஒளிக்கவே இல்லை. அக்கா, அங்க ஓட்டல்ல தங்க வெக்க கிளப்பால முடியாது, புள்ளைங்க அவங்கவங்க சொந்தக்காரங்க வூட்லதான் தங்கணும், இனியாவ உட்டதுல எனக்கு மட்டும் சந்தோஷமா, அவளுக்கு அங்க யாரு இருக்காங்க என்றார். எங்களுக்கு மட்டும் எங்கே இடம் இருக்கிறது, எங்க வூட்டுக்காரரே நாலு ஆம்பளைங்களோட ஒரே ரூமில் கிடக்கிறாரே என்று சண்டைக்கு நின்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். இன்னாக்கா இப்பிடி சொல்றீங்க, செலக்‌ஷனுக்கு முன்னாடியே சார் போன் பண்ணாரே, பாப்பா தங்கறதுக்கு மாடில ஒரு ரூமே காலியா இருக்குன்னாரே என்றார்.

வீட்டுக்கு வந்து பிள்ளையைக் கேட்டேன். தேர்வுக்கு முன்னால் ஒருநாள், இனியா அளவுக்கு எனக்கு ஆட வரலப்பா என்று உங்களிடம் அழுதாளாம். நீங்கள் கோச் நம்பர் கேட்டீர்களாம், கொடுத்தாளாம். பிள்ளை மேல் இருக்கிற ஆசையில் வாயை விட்டிருக்கிறீர்கள். அது எனக்குப் புரிகிறது. அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

கோச் இன்னொன்றும் சொன்னார். ரூம் விஷயத்தை உறுதிப்படுத்திக்கொள்ள உங்களுக்குத் திரும்பப் போன் அடித்தாராம். ஒரு அக்காதான் எடுத்தாங்க, நம்ம ஊர்ப் பேச்சுதான், சார் குளிக்கிறாரு, வந்ததும் பேசச் சொல்றேன்னாங்க, ரூம ஒழிச்சி வெச்சிடறோம்னாங்க, உங்க தங்கச்சியாக்கா என்று கேட்டார். அத்தனை பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்த மைதானத்தில் எனக்கு ஒரு சத்தமும் காதில் விழவில்லை. ஆமாம், என் தங்கச்சிதான் என்று சொல்லிவிட்டேன். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளையாகப் பிறந்தவள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியும்.

யாராவது வாடகைக்கு விடுகிற அம்மாவாக இருக்கும், நீங்கள் வேலை பார்க்கிற ஓட்டல் முதலாளியின் வீட்டுக்காரியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நீங்கள் குளிப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்ற இடத்தில் யோசனை வந்து நின்றுவிடுகிறது. ஐந்து வருஷமாக நானும் வருகிறேன் என்று கேட்டபோதெல்லாம், கட்டிலுக்கே முறை போட்டுத் தூங்குகிறோம், உன்னை எங்கே வைப்பேன் என்றீர்கள். பாவம் மனுஷன் என்று பூசையில் உங்களுக்காக அழுதிருக்கிறேன். வீட்டு விலாசம் கேட்டால் ஓட்டல் விலாசம் போதும் என்பீர்கள். இதையும் ஓட்டலுக்குத்தான் அனுப்புகிறேன்.

பிள்ளை தினமும் கண்டுபிடிச்சியாம்மா என்று கேட்கிறாள். இன்னும் இல்லை என்கிறேன். பாரிசுக்குப் போவதற்குள் இனியா மாதிரி ஆடிக் காட்டுகிறேன் என்று சாயங்காலமெல்லாம் சந்துச் சுவரில் பந்தை அடிக்கிறாள். பக்கத்து வீட்டு கோவிந்தசாமி சண்டைக்கு வருகிறார். நடுநடுவே, அப்பா வூட்ட பாக்கப் போறேன் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறாள்.

மாதக் கடைசிக்குள் நான் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அவள் போக முடியாது. நான் உங்களைத் திட்டப் போவதில்லை, ஊரைக் கூட்டப் போவதும் இல்லை. ஒன்றே ஒன்று எழுதுங்கள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலில் வந்து நின்றால் கதவைத் திறப்பது யார்? அவளை என் பிள்ளை என்ன முறை சொல்லிக் கூப்பிட வேண்டும்? அதை எழுதிவிட்டால் கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாதா உங்களையும், அந்த வீட்டில் இருப்பவர்களையும், ஒரு நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
பிரிஸ்கில்லாவின் அம்மா,
அகஸ்டினா.