கேங்கில் சேர்ந்த பேத்தி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அண்ணன் வீட்டாரும் சுகம், என் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நல்லபடி இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அண்ணனின் மூத்த பெண், நாம் மூக்குக்கண்ணாடி என்று கூப்பிடுகிறவள், நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், சுழலுகிற நாற்காலியாம். நடுவுள்ளவன் நீச்சலில் கோப்பை வாங்கி அதில் பேனா போட்டு வைத்திருக்கிறான். கடைக்குட்டிக்கு முன்பல் இரண்டும் இல்லை, ஆனாலும் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு, பாதி எழுத்து காற்றாய்ப் போனது நடுவருக்குத் தெரியவில்லை.

உன் மகள் பெருமையையும் சொல்லப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன். மாப்பிள்ளை போனில், பொண்ணு ஒரு கேங்கில சேர்ந்துட்டா அத்தை என்றார், அதோடு லைன் போய்விட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குத் தெரிந்த கேங் ஒன்றுதான், தண்டவாளம் சரிபார்க்க உன் அப்பா போன ரயில்வே கேங். பேத்திக்குப் பதினாலு வயசிலேயே தாத்தா வேலை கெடச்சிருச்சு என்று எதிர்வீட்டுத் தையல்காரியிடம் அளந்துவிட்டேன். அவளும் யூனிஃபார்ம் நானே தைச்சுத் தரேன்க்கா என்று அளவு நாடாவைத் தேடினாள். மறுநாள் உன் கடிதம். நாலு பெண்களோடு சுற்றுகிறாள், அந்தக் கேங்கிலிருந்து பிரிக்க அடுத்த மாதம் விடுதியில் விடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அப்படி என்னதான் இருக்கிறது இந்தச் சொல்லில் என்று மூக்குக்கண்ணாடியைக் கேட்டேன். தடித்த அகராதியைப் புரட்டிவிட்டு வந்து, ஆதியில கேங்னா நடைதான் பாட்டி, நடந்து போறது, அவ்வளவுதான் என்றாள். பிறகு நடக்கும்போது கூடவே எடுத்துப் போகிற சாமான்களுக்கு ஆனதாம், அப்புறம் ஒன்றாய்ப் போய் வேலை செய்கிற ஆட்களுக்கு, கெட்ட அர்த்தம் பின்னால்தான் வந்து ஒட்டிக்கொண்டதாம்.

அதைக் கேட்டதிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் முழித்தபடியே கனவு வருகிறது. காலைப் பனிக்குள் உன் அப்பாவும் எட்டுப் பேரும் தோளில் சுத்தியலும் கடப்பாரையுமாகப் போகிறார்கள், ஆள் கரைந்து காலடிச் சத்தம் மட்டும் மிஞ்சுகிறது. அப்பாவுக்கு ஒரு காது மந்தம் என்பது உனக்குத் தெரியும். ரயில் வந்தால் பின்னால் வருகிறவர் சட்டையைப் பிடித்து இழுப்பார். முப்பது வருஷம் அவர் முழுசாக வீடு திரும்பியது அந்த இழுப்பில்தான். கொஞ்ச நேரத்தில் அதே பனிக்குள் ஐந்து பெண்பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு போகிறார்கள், நடுவில் நம் பிள்ளை.

அவர்கள் தங்கமானவர்கள் என்று நான் சத்தியம் செய்யவில்லை, எனக்கென்ன தெரியும். ஆனால் உனக்கும்தான் தெரியாதே, ஒருத்தி பேர்கூட உன் கடிதத்தில் இல்லை. ஒரு நாள் கூப்பிட்டு வயிறாரப் போடு. யார் தட்டை எடுத்து வைக்கிறாள், நம் பிள்ளை முகம் வாடினால் யார் முதலில் கவனிக்கிறாள் என்று பார். பார்த்த பிறகும் விடுதிதான் என்றால் நான் வாயே திறக்க மாட்டேன். அதுவரை விடுதி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதே, அம்மா கெஞ்சிக் கேட்கிறேன்.

மூன்று பேரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். மாப்பிள்ளை மாத்திரையை மறக்காமல் போடட்டும். அந்தப் பிள்ளைகள் சாப்பிட வருகிற அன்று ஐந்து பேரையும் ஒன்றாக நிற்க வைத்து, ஒருத்தியையும் ஓரத்தில் வெட்டாமல், புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. பின்பக்கம் ஐந்து பேர் பெயரையும் உன் கையாலேயே எழுது.

உன் அம்மா