கருங்குருவிக்குப் போட்ட பாட்டு

செவ்வாய்க்கிழமை, கலஹா.

காலையிலிருந்து கருங்குருவி கூட்டுக்கு வரவில்லை. ஜன்னலுக்கு நேரே கொய்யா மரத்துக் கூட்டில் மூன்று முட்டைகள் அப்படியே கிடக்கின்றன.

எல்லாம் நான் செய்த வேலை. இரண்டு மாதமாக அந்த ஜோடி என் காலடிவரை வந்து பப்பாளி தின்றது. மஞ்சள் அலகை இன்னும் கிட்டத்தில் வீடியோ எடுக்கும் ஆசையில், நேற்று கருங்குருவிச் சத்தம் ஒன்றைத் தேடியெடுத்து மரத்தடியில் ஃபோனில் போட்டேன். ஆண் குருவி பாய்ந்து வந்து ஃபோனைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. சந்தோஷத்தில் ஆடுகிறது என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் போட்டேன். வாட்ஸ்அப் பறவைக் குழுவில் போட்ட வீடியோவுக்கு லைக் குவிந்தது.

இன்று மத்தியானம் அந்தக் குழுவில் ஓர் அண்ணன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "தங்கச்சி, அது ஆடலம்மா, பதறுது. வேற ஆம்பளக் குருவி எடத்தப் புடிக்க வந்துருச்சின்னு நெனைக்கும். முட்ட இருக்கிற நேரத்துல இப்பிடியா செய்வீங்க?"

வீடியோவை அழித்துவிட்டேன். முட்டைகளைப் பஞ்சில் சுற்றி வைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"நீ செஞ்சது பத்தாதா? அந்தப் பக்கமே போகாத. ஒன்னயப் பாத்தா அது எப்பிடி வரும்?"

சாயங்காலம் பெண் குருவி வேலிவரை வந்தது. ஜன்னலில் என்னைக் கண்டதும் பறந்துவிட்டது.

இப்போது மழை. முட்டைகள் குளிர்ந்திருக்கும். விடிந்ததும் நான் ஜன்னலைத் திறக்கக் கூடாது. அது வந்ததா என்று எட்டிப் பார்க்கவும் கூடாது. என்னால் அப்படி இருக்க முடியுமா, முருகா?